விருச்சிகம்: ஆச்சா

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், சார். ஜன்னல் ஓரம் உங்களுக்கே. மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே தெறிக்கும், அவ்வளவுதான். பையை மேலே வைத்தாச்சா? டிக்கெட் வாங்கியாச்சா? நல்லது. இனிமேல் நிம்மதியாகப் போகலாம். திருநெல்வேலிதானே? நானும் அங்கேதான்.

என் மடியில் இருக்கிற மூட்டையை அப்படிப் பார்க்காதீர்கள். வெடி இல்லை. சிவகாசியில் ஒருவன் மூட்டையோடு பஸ் ஏறினால் எல்லாரும் ஒரு சாண் தள்ளித்தான் உட்காருகிறார்கள். இது காலண்டர், சார். அடுத்த வருஷத்துக் காலண்டர். சூடு ஆறாத சரக்கு.

என் பெயர் ஞானகுரு. பூஞ்சோலை காலண்டர்ஸில் வெளியூர் மேலாளர். போன வருஷம் வரைக்கும் உள்ளூர் மேலாளர். உள்ளூரிலிருந்து வெளியூருக்கு எப்படி உயர்ந்தேன் என்பது ஒரு பெரிய கதை. காதில் என்ன, பாட்டா? எடுத்துவிடுங்கள். கயத்தாறு வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். எடுத்தாச்சா?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு டென்ஷன் என்பதே வராது. பிறவியிலேயே அப்படி. ஒரு தரம் டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, மெஷின் பழுது என்று வேறு மெஷின் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது மெஷினும் அதே எண்ணைத்தான் காட்டியது. "டாக்டர், பிரஷர் உடம்புக்குத்தான் இருக்கு, மனசுக்கு இல்லை" என்று பொறுமையாக விளக்கினேன். "எழுதியாச்சா, எழுதியாச்சா" என்று மருந்துச் சீட்டு எழுதும்போது பக்கத்திலேயே நின்று உதவினேன். அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பாவம், அவருக்கு டென்ஷன்.

காலண்டர் தொழிலில் டென்ஷன் இல்லாத ஆள் ஒருவராவது இருக்க வேண்டும், சார். ஆடிப்பெருக்கன்று புது வருஷத்துக்குப் பூஜை போடுவோம். அதோடு பிடித்தால் மார்கழி வரைக்கும் மூச்சு விட முடியாது. மற்ற தொழிலில் ஒரு வாரம் தள்ளிப்போனால் சரக்கும் ஒரு வாரம் தள்ளிப்போகும். எங்களுக்கு ஜனவரி ஒன்றாம் தேதி தள்ளிப்போகுமா? ஜனவரி பத்தாம் தேதி ஒரு காலண்டரை நீட்டினால் வாங்குகிறவன் என்ன நினைப்பான்? ஒன்பது நாளை முன்கூட்டியே யாரோ வாழ்ந்துவிட்ட மாதிரி இருக்காதா?

ஆகவே ஐப்பசி கார்த்திகையில் எங்கள் அச்சகத்தில் எல்லாரும் ஒரு மாதிரியாக ஆகிவிடுவார்கள். எல்லாரும் ஒரே மாதிரியாக ஆனால் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு மாதிரி. நான் உட்கார்ந்து இதை ஆராய்ச்சி செய்திருக்கிறேன். தினமும் தாள் கிழிக்கிறபோது கீழே பார்ப்பீர்களே, நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் என்று? மனிதர்களும் அப்படித்தான், சார்.

சண்முகக்கனி என்று ஒருவர். அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர். அவர் இராகு காலம். வேலை நெருக்கினால் சண்டை போட ஆள் தேடுவார். ஆள் கிடைக்காவிட்டால் மெஷின்.

"ஏலேய், ஓடுறியா? இல்ல, உன்னைப் பெத்த ஜெர்மன்காரனுக்கு போன் போடட்டுமா?" என்று அதை உதைப்பார். நான் அவருக்குத் தைரியம் கொடுக்கப் போவேன். பின்னால் நின்று மெதுவாக, "ஆச்சா, சண்முகக்கனி?" என்று கேட்பேன். உடனே இன்னொரு உதை விழும். மெஷினுக்குத்தான். அந்த அளவுக்கு மனசுக்குள் கோபத்தை வைத்திருக்கிறார் பாருங்கள். நான் போனதால்தானே வெளியே வந்தது?

பேச்சியம்மாள் அக்கா கட்டுப் பிரிவு. தினத்தாளை எல்லாம் அடுக்கி அட்டையில் தைக்கிற இடம். அவர் குளிகை. குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள் இல்லையா? அக்காவுக்கு டென்ஷன் வந்தால் சாத்தூர் சேவு. ஒரு கை தைக்கும், ஒரு கை பொட்டலத்தில் இருக்கும். நான் போய் "ஆச்சாக்கா?" என்றால் கை பொட்டலத்துக்குள் மணிக்கட்டு வரை போய்விடும். ஒரு வருஷம் சித்திரை மாதத் தாள் முழுக்கக் காரம் ஒட்டியிருந்தது. கத்திரி வெயிலுக்குப் பொருத்தம் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் முதலாளி தவமணி அண்ணாச்சி சூலம். சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்று போட்டிருக்கும். அண்ணாச்சியும் அப்படியே. சாதாரண நாளில், "என்னய்யா, கிழிச்சே?" என்பார். பிரச்சினை வந்துவிட்டால் நாக்கில் வெல்லம். எல்லாரும் ராஜா. "என்ன ராஜா, சாப்பிட்டியா ராஜா" என்று அண்ணாச்சி கேட்டால் ஏதோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். என்னை ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது கூப்பிட்டு, "ஞானகுரு ராஜா, வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க ராஜா" என்பார். என்மேல் அவ்வளவு பிரியம். நான் உடனே போய்க் குடித்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன். கடமை இருக்கிறதே.

அப்புறம் ஜெபராணி. கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, ராசிபலனெல்லாம் நம்பாது. ஆனால் பன்னிரண்டு ராசிக்கும் வருஷம் முழுக்க அதுதான் பலன் அடிக்கும். நாங்கள் ராசிக்கு ஒரே ஒரு சொல்தான் போடுவோம், தெரியுமில்லையா? மேஷம், லாபம். ரிஷபம், செலவு. கடகம், பொறுமை. அவ்வளவுதான். ஜெபராணி எமகண்டம். டென்ஷன் வந்தால் அழுகைதான். சத்தமே இருக்காது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடும், கை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

நான் நல்ல நேரம். இதை நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்லாததால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் இவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். டென்ஷனுக்கு அதைவிட மருந்து கிடையாது. "மூச்சை இழுங்க. இழுத்தாச்சா? ஜெபராணி, இழுத்தாச்சாம்மா? பிடிச்சுக்குங்க. பிடிச்சாச்சா? இன்னும் விடாதீங்க. அக்கா, விட்டாச்சா? ஏன் விட்டீங்க?" என்று ஒவ்வொருவராகக் கவனித்துச் செய்தேன். ஜெபராணிக்கு விக்கல் வந்து சாயங்காலம் வரை நிற்கவில்லை. சண்முகக்கனி முகம் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. பழக்கம் இல்லை, பாவம்.

அவர்களுக்குக் காலண்டரில் வேலை செய்தும் காலண்டர் அறிவு போதாது, சார். நான் மெஷின் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் சண்முகக்கனி, "கரிநாள் வருது, கரிநாள் வருது" என்பார். எல்லாரும் குனிந்துகொள்வார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். "இன்னைக்கு இல்ல சண்முகக்கனி. கரிநாள் நாளை மறுநாள்தான்." "எங்களுக்கு தினமும்தான் சார்" என்பார். பஞ்சாங்கம் தெரியாதவரோடு என்ன பேசுவது?

இதோ, சாத்தூர் வந்துவிட்டது. இறங்கிச் சேவு வாங்குகிறீர்களா? வேண்டாமா? சரி. டிரைவர்! ஏத்தியாச்சா? போகலாமா? பாருங்கள், ஹாரனை எவ்வளவு அழுத்தி அடிக்கிறார். அவரும் இராகு காலம்.

எங்கே விட்டேன்? ராசிபலன். அதை எழுதித் தருகிறவர் ராஜபாளையத்தில் ஒரு ஜோசியர். பெரிய ஞானஸ்தர். கையெழுத்து மட்டும் கோழி நடந்த மாதிரி இருக்கும். ஜெபராணி அதைப் படித்துப் படித்து அடிக்க நேரமாகிறது என்று, போன வருஷம் நானே ஒரு யோசனை செய்தேன். நான் பக்கத்தில் நின்று படிப்பது, அது காதில் விழ விழ அவள் அடிப்பது. இரண்டு மடங்கு வேகம். எப்படிப் படித்தேன் என்று சொல்லிக் காட்டவா?

"மேஷம், லாபம். ஆச்சா? ரிஷபம், செலவு. ஆச்சா? மிதுனம், பக்தி. ஆச்சா? விருச்சிகம்..." என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து புரியாமல் கண்ணாடியைத் துடைப்பேன். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாதே. "ஆச்சா?" என்பேன். அவள் அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு ஒத்துழைப்பு! மூன்றே நாளில் வருஷம் முடிந்துவிட்டது.

பிறகு பிழை பார்ப்பது என் வேலை. முழுக்கப் படித்தேன், சார். ஓர் எழுத்து விடாமல். கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு சொல்கூட இல்லை. எல்லாம் நன்றாகப் பழகின சொற்களாக இருந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சண்முகக்கனி அச்சடித்தார், பேச்சியம்மாள் அக்கா தைத்தார். முதல் வண்டி கோவில்பட்டி ஜவுளிக்கடைக்குப் போனது. எங்களுக்கு அதுதான் பெரிய ஆர்டர். அந்த ஒரு கடைதான் எங்கள் சரக்கில் பாதியை வாங்குகிறது.

கடை முதலாளி பெயர் கோமதிநாயகம். சித்திரையில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். கட்டைப் பிரித்ததும் மனிதர் என்ன செய்வார்? அந்தத் தேதியைத் திருப்பித் தன் ராசியைப் பார்ப்பார். பார்த்தார். அவர் விருச்சிகம்.

விருச்சிகம்: ஆச்சா.

உடனே போன். அண்ணாச்சி மேஜையருகே நானும் இருந்தேன். போனைக் காதில் வைக்கவே வேண்டாம், கோவில்பட்டியிலிருந்து நேராகவே கேட்டது.

"யோவ் தவமணி! அறுபதாம் கல்யாணத்தன்னிக்கு என்னைப் பார்த்து ஆச்சான்னு கேக்கியே, என்னய்யா ஆகணும்? ஆளு ஆச்சான்னு கேக்கியா? தூக்க ஆள் அனுப்புதியா?"

"ஐயோ ராஜா..." என்றார் அண்ணாச்சி.

"நான் பாட்டுக்குப் புரட்டிப் பாக்கேன், எங்க பாத்தாலும் ஆச்சா, ஆச்சா! என் சம்சாரம் மேஷம், அவளுக்கு ஆச்சா. மருமகன் தனுசு, அவனுக்கு ஆச்சா. ஒரு நாள் கன்னிக்கு ஆச்சான்னு இருக்கு, அடுத்தாப்ல துலாத்துக்கு 'இல்லைசார்'னு இருக்கு! ராசிக்கு ராசி பேசிக்கிடுதாய்ங்களா? நாளைக்குக் காலையில வண்டியோட திருப்பி அனுப்புதேன். அம்புட்டும் உன் வாசல்ல கெடக்கும்!"

அண்ணாச்சி போனை வைத்தார். முகத்தில் அப்படி ஓர் இனிப்பு. நான் பார்த்ததே இல்லை.

"ஞானகுரு ராஜா. சாயந்தரத்துக்குள்ள இது யார் வேலைன்னு கண்டுபிடிங்க ராஜா. தைக்கு மேல அந்த ஆள் இங்க வேண்டாம் ராஜா."

சார், அப்போதுகூட எனக்கு டென்ஷன் இல்லை. மேஜையில் இருந்த பேனாக்களை உயர வாரியாக அடுக்கினேன். பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். மனசு மட்டும் ஓர் இடத்தில் இடித்தது. தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'மேலாளர், பூஞ்சோலை காலண்டர்ஸ்' என்று அடித்துச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாச்சு. பிழை பார்த்த கையெழுத்து என்னுடையது. உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்காவிட்டால் பழி யார் மேல் விழும்? ஒரு பாவமும் அறியாத என் மேல்!

அதனால் எல்லாரையும் கட்டுப் பிரிவுக்குக் கூப்பிட்டு விசாரணை வைத்தேன். ரொம்பக் கண்டிப்பாக.

"ஜெபராணி, இந்தச் சொல் உனக்கு எங்கேயிருந்து வந்தது?"

"காதுல விழுந்ததைத்தான் அடிச்சேன் சார்."

"யார் சொன்னது காதில் விழுந்தது? யோசித்துச் சொல். யோசிச்சாச்சா?"

அவ்வளவுதான், கண்ணீர்.

சண்முகக்கனி முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏன் சார், இந்த ஆபீஸ்ல அந்த வார்த்தையை யாரு சொல்வாங்கன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரியாமல்தானே கேட்கிறேன்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். யாராயிருந்தாலும் இன்றைக்கே அண்ணாச்சியிடம் சொல்லி வெளியே அனுப்பிவிடுகிறேன். பயப்படாமல் சொல்லுங்கள். தீர்மானம் பண்ணியாச்சா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போது பேச்சியம்மாள் அக்கா, சேவுக் கையாலேயே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏய் கனி. சாருக்குத் தையில மகளுக்குக் கல்யாணம்ப்பா."

எதற்கு அந்த நேரத்தில் கல்யாணப் பேச்சை எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பெண்களுக்கு எப்போதும் கல்யாண நினைப்புதான். ஆனால் சண்முகக்கனி முஷ்டியைப் பிரித்தார். அப்படியே ஒரு நிமிஷம் எல்லாரும் என்னையே பார்த்தார்கள், சார். நானும் யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"வைரஸ் சார்" என்றார் அக்கா.

"வைரஸா?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல வருமாம்ல, அது. ஏ ஜெபா, அதானே?"

ஜெபராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆமா சார். வைரஸ்தான்" என்றாள். பொய் சொல்லாத பிள்ளை. நம்பாமல் இருக்க முடியுமா?

நான் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "கண்டுபிடிச்சாச்சு அண்ணாச்சி. வைரஸ்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வைரஸை ஊரை விட்டு வெளிய அனுப்ப வழியிருக்கா ராஜா?" என்றார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

கோவில்பட்டி வருகிறது, பாருங்கள். அதோ, பாலத்தைத் தாண்டியதும் இருக்கிற பெரிய கட்டடம்தான் அந்த ஜவுளிக்கடை. அடுத்த நாள் காலையில் அங்கிருந்து மறுபடியும் போன் வந்தது. திருப்பி அனுப்புகிற வண்டி கிளம்பிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். அண்ணாச்சி போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்தார். அதிலிருந்து ஒரு குரல் வந்தது. கோமதிநாயகம்தான், ஆனால் பேச்சு பேச்சாக இல்லை.

"ஹவமணி! புஉங்கியாஷ்ஷு! புஉங்கியாஷ்ஷு!"

சார், இந்த இடத்தைக் கவனியுங்கள். கவனிச்சாச்சா? ஒரே குரல், ஒரே சொல். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி கேட்கிறது. சண்முகக்கனி, "நொறுக்கியாச்சுன்னு சொல்றாரு. காலண்டரை உடைக்கிறாங்க அண்ணாச்சி, நான் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். ஜெபராணி, "அனுப்பியாச்சுங்கிறாரு, எல்லாத்தையும் திருப்பி அனுப்பியாச்சாம்" என்று அழ ஆரம்பித்தாள். பேச்சியம்மாள் அக்கா, "இல்லப்பா, பூந்தி வாங்கியாச்சுன்னு சொல்றாரு" என்றார். அண்ணாச்சி போனைப் பார்த்துக் கும்பிட்டு, "சரிங்க ராஜா, சரிங்க ராஜா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் ஒருவன்தான் பதறவில்லை. மெதுவாகக் குனிந்து, போனில் வாயை வைத்து, அவருக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி, "ஆச்சா?" என்றேன்.

எல்லாரும் "ஐயோ" என்றார்கள். சண்முகக்கனி என் வாயைப் பொத்தினார்.

போனில் ஒரு சத்தம். சிரிப்பு! மனிதர் சிரிக்கிறார்! "ஆஷ்ஷுய்யா, ஆஷ்ஷு!" என்கிறார்.

அப்புறம் அவர் மனைவி போனை வாங்கினார். "அண்ணாச்சி, நான் அவுக வீட்டுக்காரி பேசுதேன். பல்லைப் புடுங்கியாச்சுன்னு சொல்லுதாக. வாயில பஞ்சு வச்சிருக்கு, அதான்."

விஷயம் என்னவென்றால், சார், கோமதிநாயகத்துக்கு மூன்று வருஷமாக ஒரு கடைவாய்ப் பல் சொத்தை. ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உலாத்துவார். டாக்டர் என்றால் பயம். தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்தக் காலண்டரை மனைவியிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மா பார்த்துவிட்டு, "அது என்ன தப்பா கேட்டிருக்கு? பல்லு ஆச்சான்னு கேக்கு. நாங்க கேட்டா வள்ளுன்னு விழுதீக. இப்பக் காலண்டரே கேக்கு, பதிலைச் சொல்லுங்க" என்றிருக்கிறார்.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. விடிந்ததும் போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

"அவுக மட்டுமில்ல அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "எனக்கு மேஷம். ஆச்சான்னு இருந்துச்சு. ரெண்டு வருஷமா வாங்கி வச்ச தையல் மெஷினை நேத்துதான் பெட்டியிலருந்து எடுத்தேன். எங்க மருமகன் உச்சந்தலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சே மாசக்கணக்காச்சு, இன்னிக்குக் குளிச்சிட்டாரு. நீங்க இதை மாத்திராதீக. இன்னும் ஒரு வண்டி அனுப்புங்க. எங்க சொந்தக்காரங்க வீட்டுலயெல்லாம் மாட்டணும். அங்கெல்லாம் ஆகாத வேலை நிறையக் கெடக்கு."

எப்படி, சார்? சண்முகக்கனி மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் அக்கா சேவுப் பொட்டலத்தை எல்லாருக்கும் நீட்டினார், அதுவரை அதை யாரும் தொட்டதில்லை. ஜெபராணி சிரித்தாள். அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார்.

"ஞானகுரு, நீ தையிலருந்து வெளியூர் பார்த்துக்க. அந்தக் குரல் இங்க நாலு சுவத்துக்குள்ள வீணாப் போகுது. கடைகடையாப் போயி ஆர்டர் கேளு. உன்னைப் பார்த்தா எவனும் தள்ளிப்போட மாட்டான்யா, உடனே எழுதிக் குடுத்து அனுப்பிருவான்."

கவனித்தீர்களா? ராஜா இல்லை! அண்ணாச்சி மனம் முழுக்க நிம்மதி! மகள் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அச்சகமே திரண்டு வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் நான் ஐயரிடம் ஒரு சொல் கேட்கப் போனேன், அதற்குள் சண்முகக்கனியும் அண்ணாச்சியும் வந்து என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவு மரியாதை.

அன்றிலிருந்து ஊர் ஊராகப் போகிறேன். அண்ணாச்சி சொன்னது சரிதான். எந்தக் கடையிலும் எனக்கு அரை மணிக்கு மேல் ஆனதில்லை. ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட்டு, வாசல் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அச்சகத்தை நினைத்தால்தான் கவலை. நான் இல்லாமல் என்ன செய்கிறார்களோ? போன் போட்டு விசாரிக்கலாம் என்றால், நான் வெளியூர் போகிற நாளெல்லாம் சிவகாசியில் டவரே இருப்பதில்லை, சார். இப்போதுகூட பாருங்கள், அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கக் காணோம். முதலில் ஜெபராணிக்கு டவர் கோளாறு, அடுத்து சண்முகக்கனிக்கு.

உங்களுக்கு என்ன ராசி? துலாமா! எனக்கும் துலாம்தான், சார்! வயிற்றில் பால் வார்த்தீர்கள். இருங்கள், மூட்டையைப் பிரிக்கிறேன். இது அடுத்த வருஷத்துக் காலண்டர், நான் இல்லாமலே அவர்கள் செய்தது. நான் இன்னும் முழுக்கப் பிழை பார்க்கவில்லை. ஆனால் நம்ம ராசியை மட்டும் பார்த்துவிட்டேன். ஜோசியருக்குக் கோடி நமஸ்காரம். பாருங்கள், ஜனவரி ஒன்று. துலாம்: பயணம். அடுத்த நாள். துலாம்: பயணம். பொங்கலன்று. பயணம். இன்னும் புரட்டுங்கள். மாசி, பங்குனி, சித்திரை. பயணம், பயணம், பயணம். மற்ற ராசிக்கெல்லாம் தினம் ஒரு பலன். நம்ம ராசிக்கு வருஷம் முழுக்க ஒரே பலன். என் வேலை மாறினது அந்த ஜோசியருக்குத் தெரியவே தெரியாது, சார். எப்படிக் கணித்திருக்கிறார்! தமிழ்நாட்டில் இருக்கிற துலாம் ராசிக்காரர்கள் எல்லாம் அடுத்த வருஷம் பஸ்ஸில்தான். உட்கார இடம் கிடைக்காது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வேறு. ஆயுத பூஜை. இதோ. துலாம்: வருகை.

அன்றைக்கு அச்சகத்தில் மெஷினுக்குச் சந்தனம் பூசி, பொரிகடலை வைப்பார்கள். மெஷின் ஓடாது, யாருக்கும் வேலை கிடையாது. அதனால் அன்றைக்கு என்னைக் கட்டாயம் வரச்சொல்லி இப்போதே சொல்லிவிட்டார்கள். என் பங்குக்கு ஒரு பொட்டலம் சேவு தனியாக எடுத்து வைப்பதாகப் பேச்சியம்மாள் அக்கா சொன்னார். வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதுமாம், எதையும் கேட்க வேண்டாமாம். என்மேல் அவ்வளவு அக்கறை. நான் இல்லாமல் அவர்களுக்கும் வெறிச்சென்றுதான் இருக்கும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

நானும் நீங்களும் ஒரே ராசி. ஆக அடுத்த வருஷம் முழுக்க நாம் இப்படியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். உங்கள் நம்பரைச் சொல்லுங்கள், தினமும் காலையில் போன் பண்ணிக் கிளம்பியாச்சா என்று...

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? இது கயத்தாறு. நீங்கள் திருநெல்வேலி என்று சொன்னீர்களே? இங்கே ஒரு வேலையா? மழை வேறு கொட்டுகிறது. குடை எடுத்தாச்சா? பையை எடுத்தாச்சா? பார்த்து, படி வழுக்கும். கண்டக்டர், ஒரு நிமிஷம், சார் இறங்குகிறார்.

சார்! இறங்கியாச்சா?